டிஃபெண்டராக வேண்டுமா? பிறப்புச் சான்றிதழ் முதல் ஒப்பந்தம் வரை செய்ய வேண்டியவை

கால்பந்தில் டிஃபெண்டராக நின்று அதிலேயே சம்பாதிக்க நினைக்கிற தம்பிகளுக்கும், அவர்களுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கப்போகிற வீட்டாருக்கும் இதை எழுதுகிறேன். என் தம்பி சென்டர் பேக், அதாவது தற்காப்பு வரிசையின் நடுவில் நிற்பவன், கிரவுண்ட் பாஷையில் சொன்னால் ஸ்டாப்பர். பள்ளி அணியில் தொடங்கி, சென்னை லீக்கில் ஆடி, இப்போது வெளிமாநில கிளப் ஒன்றில் ஒப்பந்தத்தில் இருக்கிறான். ஆடுவது அவன் வேலை, ஃபைல் தூக்குவது என் வேலை என்று வீட்டில் எப்போதோ முடிவாகிவிட்டது. எந்தக் காகிதம் எப்போது தேவைப்படும் என்று முன்கூட்டியே சொல்ல ஆள் இல்லாமல் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. தமிழ்நாட்டிலிருந்து போகிற பையன்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். பெண்களுக்கும் பதிவு, ஒப்பந்தம் சம்பந்தப்பட்ட விதிகள் பெரும்பாலும் இவைதான்.

படிகளுக்குப் போவதற்கு முன்னால் ஒன்று. ஸ்ட்ரைக்கர்களுக்குச் சொல்கிற ஆலோசனையை அப்படியே டிஃபெண்டர் எடுத்துக்கொண்டால் கஷ்டம். செலக்‌ஷனில் 20 நிமிஷம் ஆடவிடுவார்கள், அதில் ஒருவன் இரண்டு கோல் போட்டால் பெயரைக் குறித்துக்கொள்வார்கள். நல்ல ஸ்டாப்பரோ அந்த 20 நிமிஷமும் சரியான இடத்தில் நின்று எதிர் ஃபார்வர்டுக்குப் பந்தே போகாமல் பார்த்துக்கொண்டிருப்பான். ஓரத்தில் நிற்பவருக்கு அவன் சும்மா நின்ற மாதிரிதான் தெரியும். அதனால் டிஃபெண்டர் பெயர் எடுப்பது லீக் மேட்ச்களில்தான், ஒரே அணியில் தொடர்ந்து ஆடும்போதுதான். கீழே நான் சொல்வதெல்லாம் இதை வைத்துத்தான்.

1. முதலில் பிறப்புச் சான்றிதழும் பெயரும்

பூட்ஸ் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட் நான்கிலும் பெயரும் பிறந்த தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். நம் ஊரில் இனிஷியல்தான் பெரிய தலைவலி. பிறப்புச் சான்றிதழில் வெறும் கார்த்திக், பள்ளியில் மு. கார்த்திக், ஆதாரில் கார்த்திக் எம், பாஸ்போர்ட்டில் கார்த்திக் முருகன் என்று இருந்தால் நமக்கு அது ஒரே ஆள். பதிவை ஒப்பிட்டுப் பார்க்கிறவருக்கு நான்கு ஆள். என் தம்பிக்கு ஒரு தொடருக்கான பதிவு இதனால்தான் நின்றது, கடைசி நாளில் சரிசெய்யவும் முடியவில்லை.

என் யோசனை இது. முதலில் பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி வர வேண்டும் என்று முடிவு செய்யுங்கள், ஏனென்றால் அதில் இனிஷியலை விரித்துத்தான் எழுதியாக வேண்டும். பிறகு மற்றவற்றை அதற்கேற்ப மாற்றுங்கள். ஆதாரில் பிறந்த தேதியை ஒரே ஒரு முறைதான் திருத்தலாம், பெயரை இரண்டு முறை. அவசரப்பட்டு அந்த வாய்ப்பைத் தொலைத்துவிடாதீர்கள். பாஸ்போர்ட்டுக்கு 18 வயதுக்குக் கீழே என்றால் 1,000 ரூபாய், பெரியவர்களுக்கு 1,500, தட்கல் வேண்டுமென்றால் மேலே 2,000. 15 முதல் 18 வயதுக்குள் இருப்பவர்கள் 1,500 கட்டிப் பத்து வருஷ பாஸ்போர்ட்டே வாங்கிக்கொள்ளலாம், அதுதான் லாபம்.

பிறப்பு 21 நாளுக்குள் பதிவாகியிருந்தால் பிரச்சினை இல்லை. ஒரு வருஷம் கழித்துப் பதிவு செய்ததென்றால் அதிகாரியின் உத்தரவோடு வந்த சான்றிதழாக இருக்கும், அதைச் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். அப்படிப்பட்டவர்கள் முதல் வகுப்புச் சேர்க்கைப் பதிவின் நகல், தடுப்பூசி அட்டை, மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டு என்று கிடைக்கிற பழைய காகிதத்தையெல்லாம் சேர்த்து வையுங்கள். வயது வரம்புள்ள போட்டிகளில் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வளர்ச்சியை வைத்து வயதைக் கணிப்பார்கள், டிடபிள்யூ3 சோதனை என்பது அதுதான். பையன் சீக்கிரம் வளர்ந்த உடம்பாக இருந்தால் உண்மையான வயதிலேயே தோற்கவும் வாய்ப்புண்டு, அப்போது கையில் இருக்கிற பழைய காகிதம்தான் பேசும்.

"ரெண்டு வயசு குறைச்சுப் போட்டுடலாம் சார்" என்று சொல்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். செய்யவே செய்யாதீர்கள். பிடிபட்டால் தடை. அதோடு டிஃபெண்டருக்கு இது தேவையே இல்லாத வேலை, ஏனென்றால் இந்த இடத்தில் ஆட்கள் தாமதமாகத்தான் முழுமையடைகிறார்கள். மலப்புறத்து டிஃபெண்டர் அனஸ் எடத்தொடிகா இந்திய அணிக்கு முதன்முதலாக ஆடியது 2017இல், அப்போது அவருக்கு வயது 30.

2. எந்த இடம் என்று முடிவு செய்வது

டிஃபெண்டர் என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு போகாதீர்கள். சென்டர் பேக்கா, ரைட் பேக்கா, லெஃப்ட் பேக்கா என்று சொல்லத் தெரிய வேண்டும். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 2021-22 சீசனிலிருந்து, நாட்டின் முதல் நிலை லீக்கான ஐஎஸ்எல்லில் ஒரே நேரத்தில் அதிகபட்சம் நான்கு வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் களத்தில் இருக்கலாம். அந்த நான்கு பேரில் ஒருவரை நிறைய கிளப்புகள் சென்டர் பேக்காக வைத்துக்கொள்கின்றன. ஆக இரண்டு ஸ்டாப்பர் இடத்தில் ஒன்று பெரும்பாலும் போய்விடுகிறது. மிச்சமிருக்கிற ஒரு இடத்துக்கு நாடு முழுக்கப் போட்டி. ரைட் பேக், லெஃப்ட் பேக் என்கிற சைடு பேக் இடங்களிலோ அநேகமாக இந்தியப் பையன்கள்தான் ஆடுகிறார்கள்.

அதனால் உயரம் குறைவாக, வேகம் நன்றாக இருக்கிற பையன் ஸ்டாப்பராகவே இருப்பேன் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். இடது கால் பையன் என்றால் இன்னும் நல்லது. லெஃப்ட் பேக்குக்கும், இடப்பக்க ஸ்டாப்பருக்கும் இடது கால் ஆட்கள் எப்போதுமே குறைவு. மந்தார் ராவ் தேசாய் விங்கராக ஆடிக்கொண்டிருந்தவர், எஃப்சி கோவாவில் லெஃப்ட் பேக்காக மாறியபிறகு இந்திய அணி வரை போனார். ராகுல் பேக்கே சைடு பேக், சென்டர் பேக் இரண்டிலும் நிற்பார், 2018-19 ஐஎஸ்எல் இறுதிப் போட்டியில் பெங்களூருக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்த கோல் அவருடையது. இரண்டு இடத்தில் ஆடத் தெரிந்த டிஃபெண்டருக்கு ஒப்பந்தம் கிடைப்பது எளிது, பெஞ்சில் ஒரு ஆள் மிச்சமாவது கிளப்புக்கும் லாபம்தானே.

3. பதிவும் என்ஓசியும்

அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் போட்டிகளில் ஆட சிஆர்எஸ் என்கிற இணையப் பதிவு வேண்டும். கிளப்போ அகாடமியோதான் பதிவு செய்யும், நீங்களாகச் செய்ய முடியாது. உங்களுக்கென்று ஒரு எண் வரும், அது கடைசிவரை கூடவே வரும். அந்த எண்ணை அன்றைக்கே கேட்டு வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புது கிளப்காரர் தெரியாமல் இன்னொரு புதுப் பதிவு போட்டுவிட்டால் இரட்டைப் பதிவு ஆகி, அதை அவிழ்ப்பதற்குள் சீசன் போய்விடும்.

பலரும் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான், கவனமாகப் படியுங்கள். ஒரு நேரத்தில் ஒரே கிளப்பில்தான் பதிவு இருக்க முடியும். மாற வேண்டுமென்றால் பழைய கிளப் ஆட்சேபனை இல்லை என்று எழுதிக் கொடுத்து விடுவிக்க வேண்டும், என்ஓசி என்பது அதுதான். மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு பயிற்சி தருகிற சில அகாடமிகள் ஒரு சின்னத் தொடருக்காகப் பையனைப் பதிவு செய்துவிட்டு, அவன் வேறு இடத்துக்குப் போகும்போது என்ஓசி தர இழுத்தடிக்கின்றன. எங்களிடம் ஒரு அகாடமி என்ஓசிக்குப் பணம் கேட்டது. பயிற்சி இழப்பீடு என்று ஒன்று விதியில் உண்டுதான். ஆனால் ஃபிஃபா விதிப்படி அது புது கிளப் பழைய கிளப்புக்குக் கொடுப்பது, வீட்டாரிடம் வசூலிப்பதற்கு அதில் வழி இல்லை. இப்படிக் கேட்டால் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள், மாநிலச் சங்கத்துக்கு ஒரு மெயில் போடுங்கள். எழுத்தில் என்றதும் பெரும்பாலும் இறங்கி வருவார்கள், எங்களுக்கு அப்படித்தான் நடந்தது.

சேரும்போது கேட்க வேண்டிய கேள்விகள்: எங்கள் பையனை சிஆர்எஸ்ஸில் பதிவு செய்வீர்களா, எந்தத் தேதி வரைக்கும், நடுவில் விலகினால் என்ஓசி எத்தனை நாளில் கிடைக்கும்? பதிலை வாட்ஸ்அப்பிலாவது வாங்கி வையுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட், பள்ளியிலிருந்து போனஃபைடு சான்றிதழ், புகைப்படம், 18க்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதக் கடிதம். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே கோப்புறையில் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். கேட்பவர்கள் எப்போதும் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் கேட்பார்கள்.

4. எங்கே ஆடினால் கண்ணில் படும்

12, 13 வயதில் வீட்டில் வசதி இல்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதி. 7, 8, 9, 11ஆம் வகுப்புகளில் சேர்வதற்குத் தேர்வு நடக்கும், இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், கோடை விடுமுறையை ஒட்டி அறிவிப்பு வரும். தங்க இடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் இலவசம். ஏப்ரல் தொடங்கியதும் தினமும் அறிவிப்பைப் பாருங்கள், விண்ணப்பிக்கிற அவகாசம் குறைவாகத்தான் இருக்கும்.

பள்ளி அளவில் சுப்ரதோ கோப்பை முக்கியம். மாவட்டம், மாநிலம் தாண்டினால் டெல்லி வரை போகலாம். அதன்பிறகு சம்மேளனம் வயதுவாரியாக நடத்துகிற இளையோர் லீக்குகள். அங்கே ஆடுகிற அகாடமி எது என்று பார்த்துச் சேருங்கள். கிரவுண்ட் எவ்வளவு பச்சையாக இருக்கிறது, ஜெர்சி எவ்வளவு அழகு என்பதைப் பார்த்துச் சேர வேண்டாம். "போன வருஷம் எத்தனை லீக் மேட்ச் ஆடினீர்கள்?" என்ற ஒரே கேள்வி போதும். பதில் தடுமாறினால் வேறு இடம் பாருங்கள்.

17, 18க்கு மேல் சென்னை லீக்கின் மேல்நிலை டிவிஷன்கள். இந்தியன் வங்கி, வருமான வரி, சுங்கம், ஐசிஎஃப், தெற்கு ரயில்வே மாதிரி அலுவலக அணிகளும் தனியார் கிளப்புகளும் மோதுகிற இடம். 20 வயதுப் பையன் அங்கே 32 வயது ஃபார்வர்டைச் சமாளிக்கும்போது கற்பதை எந்த அகாடமியும் சொல்லித் தராது. பழைய ஆள் ஓடவே மாட்டார், உடம்பைக் குறுக்கே வைப்பார், கார்னர் வரும்போது நடுவர் பார்க்காத நேரம் ஜெர்சியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுப்பார், அந்த அரை நொடியில் ஹெட்டர் போய்விடும். என் தம்பி முதல் சீசன் முழுக்க அடி வாங்கித்தான் கற்றான். இரண்டாம் சீசனில் பந்து வருவதற்கு முன்னாலேயே கையை விரித்து ஆளைத் தொட்டுக்கொண்டு நிற்கப் பழகிவிட்டான். இங்கே பணம் பெரிதாக வராது, மேட்ச் பேட்டாவும் போக்குவரத்துச் செலவும்தான். ஆனாலும் ஒரு சீசன் முழுக்கத் தொடர்ந்து ஆடுங்கள், நடுவில் அணி மாறாதீர்கள்.

21 வயதுக்குக் கீழே இருந்தால் 2022இல் தொடங்கிய ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் டெவலப்மென்ட் லீக்கில் ஆடுகிற ரிசர்வ் அணி ஏதாவது எடுத்துக்கொள்ளுமா என்று பாருங்கள், ஐஎஸ்எல் கிளப்காரர்கள் நேரில் உட்கார்ந்து பார்க்கிற போட்டி அது. இல்லையென்றால் ஐஎஸ்எல்லுக்கு அடுத்த நிலையான ஐ-லீக்கின் கீழ்நிலைகளில் ஆடுகிற கிளப்புகள். இந்திய டிஃபெண்டர் சந்தேஷ் ஜிங்கன் சண்டிகர் பையன், யுனைடெட் சிக்கிமில் இரண்டாம் டிவிஷன் ஆடித்தான் மேலே வந்தார், 2014இல் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு ஆடி அந்த சீசனின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருது வாங்கினார். முதல் கதவு பெரிய கிளப்பாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

அணிக்கு ஏழு பேராக ஆடுகிற செவன்ஸ் பற்றி. கேரளாவில் ராத்திரி நேரத்தில் நடக்கிற செவன்ஸும், குமரி, தூத்துக்குடி பக்கத்து ஊர்த் தொடர்களும் கையில் காசு தரும், இல்லை என்று சொல்லவில்லை. ஒப்பந்தம் இல்லாத காலத்தில் ஆடுவது உங்கள் விருப்பம். ஆனால் செவன்ஸில் டிஃபெண்டர் வாங்குகிற அடி வேறு, முழங்கால் போனால் அமைப்பாளர் மருத்துவச் செலவு தர மாட்டார். கிளப் ஒப்பந்தத்தில் இருக்கும்போது அனுமதி இல்லாமல் ஆடினால் அது ஒப்பந்த மீறல், சம்பளத்தை நிறுத்தக் கிளப்புக்கு நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

5. வீடியோ

ஸ்ட்ரைக்கருக்கு மூன்று நிமிஷ ஹைலைட்ஸ் போதும். டிஃபெண்டரிடம் முழு 90 நிமிஷம் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். இதற்குப் படம் எடுக்கும் விதமே வேறு. மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேராக, முடிந்தவரை உயரத்தில் நின்று, நான்கு டிஃபெண்டர்களும் எப்போதும் ஃபிரேமில் இருக்கிற மாதிரி அகலமாக எடுங்கள். பந்தின் பின்னாலேயே கேமராவைத் திருப்பினால் டிஃபெண்டரின் வேலை படத்திலேயே வராது. பந்து எதிர்ப்பக்க விங்கில் இருக்கும்போது உங்கள் பையன் எங்கே நிற்கிறான், தோளுக்குப் பின்னால் திரும்பித் திரும்பி ஆளைப் பார்க்கிறானா, லைனை மேலே தள்ளச் சொல்லிக் கத்துகிறானா, இதைத்தான் கோச் தேடுவார்.

ட்ரைபாடும் ஒரு போனும் போதும். மேட்ச் எடுக்க ஆள் வைத்தால் ஒரு ஆட்டத்துக்கு 1,500 முதல் 3,000 வரை கேட்பார்கள், வீட்டில் யாராவது பழகிக்கொள்வதே மேல். ஜெயித்த மேட்ச் ஒன்று, வலுவான அணியிடம் தோற்ற மேட்ச் ஒன்று, இரண்டையும் அனுப்புங்கள். கூடவே ஒரு பக்கத்தில் உயரம், எடை, எந்தக் கால், ஆடிய இடங்கள், சீசன்வாரியாக ஆடிய போட்டிகள், சிஆர்எஸ் எண்.

6. செலவு

தனியார் அகாடமி என்றால் மாதம் 2,000லிருந்து 5,000 வரை, தங்கிப் படிக்கிற அகாடமி என்றால் அதைவிடப் பல மடங்கு. பூட்ஸ் 2,500 முதல் 5,000க்குள் நல்லதே கிடைக்கும், வளர்கிற பையனுக்கு அதற்கு மேல் போக வேண்டாம். ஆனால் ஒன்றுக்கு இரண்டு ஜோடி வேண்டும். புல்தரைக்கான நீள ஸ்டட் பூட்ஸைச் செயற்கைப் புல்லில் போட்டால் திரும்பும்போது கால் மாட்டிக்கொண்டு முழங்கால் முறுக்கும். டிஃபெண்டர் ஒரு மேட்ச்சில் எத்தனை முறை அப்படியே திரும்பி ஓட வேண்டியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஷின்கார்டில் கஞ்சத்தனம் வேண்டாம். போக்குவரத்தும் சாப்பாடும்தான் உண்மையில் பணத்தைத் தின்கிற இடம், முட்டை பால் பழத்துக்கே மாதம் ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

செலக்‌ஷனுக்குப் பணம் கட்டச் சொன்னால் யோசியுங்கள். சிறிய பதிவுக் கட்டணம் சில இடங்களில் இருக்கும். ஆயிரக்கணக்கில் கேட்டால் அவர்களுக்கு வருமானமே அந்தச் செலக்‌ஷன்தான்.

7. இதயப் பரிசோதனை

இதைத் தனிப் படியாகவே போடுகிறேன். 15, 16 வயதில் ஒரு ஈசிஜி, ஒரு எக்கோ எடுத்துவிடுங்கள். தனியாரில் இரண்டும் சேர்த்து 2,000 முதல் 4,000க்குள் முடியும், அரசு மருத்துவமனையில் இன்னும் குறைவு. இந்திய டிஃபெண்டர் அன்வர் அலிக்கு 2019இல் இதயத்தசை தடிக்கும் பிரச்சினை கண்டுபிடிக்கப்பட்டது, அவர் ஆடக்கூடாது என்று சம்மேளனமே தடுத்தது, டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் மறுபடி ஆட வந்தார். கிளப் மருத்துவச் சோதனையில் திடீரென்று தெரிய வருவதைவிட வீட்டுக்கு முதலில் தெரிவது நல்லது.

8. ஏஜென்ட்

மாநில லீக் அளவில் ஏஜென்ட் தேவையில்லை. ஐ-லீக், ஐஎஸ்எல் என்று பேச்சு வரும்போதுதான் தேவை. 2023இல் நடைமுறைக்கு வந்த ஃபிஃபா விதிப்படி ஏஜென்ட் தேர்வு எழுதி உரிமம் வைத்திருக்க வேண்டும். உரிமம் உள்ளவர்களின் பட்டியல் ஃபிஃபா தளத்திலேயே இருக்கிறது, பெயரைத் தட்டிப் பாருங்கள். ஆட்டக்காரரோடு அவர் போடும் ஒப்பந்தம் இரண்டு வருஷத்துக்கு மேல் போகக்கூடாது. பையன் மைனர் என்றால் பெற்றோரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் அவனிடம் பேசவே கூடாது.

"போர்ச்சுகலில் ட்ரையல், ஸ்பெயினில் அகாடமி, மூன்று லட்சம் கட்டுங்கள்" என்று வருபவர்களிடம் ஒரு விதியைச் சொல்லுங்கள்: 18 வயதுக்குக் கீழே ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டு கிளப்புக்குப் பதிவை மாற்ற முடியாது, மிகச் சில விதிவிலக்குகள் தவிர. கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காகப் பெற்றோர் அங்கே குடிபெயர்வது அதில் ஒன்று. நீங்கள் கட்டுகிற பணத்துக்குக் கிடைப்பது சுற்றுலா விசாவும் சில வாரப் பயிற்சியும்தான். நிலத்தை விற்றுக் கட்டிய குடும்பத்தை எனக்குத் தெரியும்.

9. ஒப்பந்தம்

ஒப்பந்தம் வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் தலைகால் புரியாது. கையெழுத்துப் போடாதீர்கள், இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள், கேட்டால் எந்தக் கிளப்பும் விரட்டாது. ஒரு வக்கீலிடம் காட்ட 3,000, 5,000 ஆகும், இந்த வழியில் நீங்கள் செய்கிற செலவிலேயே உருப்படியானது அதுதான்.

காலம்: அதிகபட்சம் 5 வருஷம், 18க்குக் கீழே 3 வருஷம். 18க்குக் கீழே பெற்றோர் கையெழுத்து வேண்டும்.

எத்தனை மாதச் சம்பளம்: இதுதான் எல்லோரும் கோட்டை விடுகிற இடம். ஒரு வருஷ ஒப்பந்தம் என்பார்கள், தேதியைப் பார்த்தால் ஏழெட்டு மாதம்தான் இருக்கும். மிச்ச மாதங்கள் வீட்டில், சம்பளம் இல்லாமல். மாதச் சம்பளத்தைப் பார்க்காமல் மொத்தத் தொகையைப் பார்த்துப் பேசுங்கள்.

நீட்டிப்பு: "கிளப் விரும்பினால் மேலும் ஒரு வருஷம்" என்று ஒருதலையாக ஒரு வரி இருக்கும். நீக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அந்த வருஷத்தின் சம்பளத்தை இப்போதே எழுதச் சொல்லுங்கள்.

காயம்: அறுவை சிகிச்சை, பிசியோ, அந்தக் காலத்துச் சம்பளம் யார் பொறுப்பு என்று எழுதியிருக்க வேண்டும். "கிளப் பார்த்துக்கொள்ளும்" என்று வாயால் சொல்வது கணக்கில் வராது.

மருத்துவச் சோதனை: ஃபிஃபா விதிப்படி, கையெழுத்தானபிறகு மருத்துவச் சோதனையில் தேறவில்லை என்று ஒப்பந்தம் செல்லாது எனச் சொல்ல முடியாது. சோதனையை முன்னாலேயே முடிக்கச் சொல்லுங்கள்.

சம்பளம் வராவிட்டால்: இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்றால், கிளப்புக்கு எழுத்தில் தெரிவித்து 15 நாள் கெடு கொடுத்து, அதற்கும் தராவிட்டால் ஒப்பந்தத்தை முறிக்க ஆட்டக்காரருக்கு நியாயமான காரணம் இருக்கிறது என்கிறது ஃபிஃபா விதி. போனில் கெஞ்சிக்கொண்டே நாலு மாதம் ஓட்டாதீர்கள். முதல் மாதம் தாமதமானதுமே மரியாதையாக ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.

காரணமில்லாமல் நீங்கள் முறித்தால் கதை வேறு. அதே அன்வர் அலி மோகன் பகான் ஒப்பந்தத்தை முறித்து ஈஸ்ட் பெங்கால் போன விவகாரத்தில், 2024 செப்டம்பரில் சம்மேளனத்தின் குழு அவருக்கு 4 மாதத் தடையும், அவரும் ஈஸ்ட் பெங்கால், டெல்லி எஃப்சி கிளப்புகளும் சேர்ந்து மோகன் பகானுக்கு 12.9 கோடி ரூபாய் இழப்பீடும் என்று உத்தரவு போட்டது. அதுவும் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அவரிடம் பெரிய வக்கீல்கள் இருந்தார்கள், நம்மிடம் இருக்க மாட்டார்கள்.

ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே வேறு கிளப்போடு பேசி அடுத்த சீசனுக்குக் கையெழுத்துப் போடலாம். அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். பதிவுக் காலம் வழக்கமாகக் கோடையில் ஒன்று, ஜனவரியில் ஒன்று, சரியான தேதி ஒவ்வொரு வருஷமும் சுற்றறிக்கையில் வரும். கிளப் கையெழுத்துப் போட்ட பிரதி ஒன்று உங்களிடம் கட்டாயம் இருக்க வேண்டும். "அப்புறம் அனுப்புகிறோம்" என்றால் அங்கேயே உட்காருங்கள்.

10. பணம் வர ஆரம்பித்தால்

பான் கார்டு, சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கு. பெரும்பாலும் தொழில்முறைக் கட்டணமாகக் கணக்கு வைத்து 10% வரியைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். வருமானம் குறைவு என்றால் ரிட்டர்ன் போட்டு அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கலாம், பல பையன்கள் இதைச் செய்வதே இல்லை. ஆடிட்டருக்கு ஆயிரம் இரண்டாயிரம்தான் ஆகும்.

ஆறு மாதச் செலவைக் கையில் வைத்திருங்கள். 2025 ஜூலையில் ஐஎஸ்எல் நடத்துகிற நிறுவனத்துக்கும் சம்மேளனத்துக்கும் இடையிலான உரிம ஒப்பந்தம் முடிவுக்கு வருகிறது என்று சொல்லி அடுத்த சீசனையே நிறுத்தி வைத்தார்கள். சில கிளப்புகள் சம்பளத்தையும் நிறுத்தின. நாட்டின் முதல் நிலை லீக்கிலேயே இது நடக்கும் என்றால் கீழே சொல்லவே வேண்டாம்.

11. காயமும் ஊசியும்

முழங்காலில் ஏசிஎல் என்கிற தசைநார் கிழிந்தால் தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு ஒன்றரை லட்சத்திலிருந்து மூன்று லட்சம் வரை, திரும்பி ஆட குறைந்தது எட்டு, ஒன்பது மாதம். ஜிங்கன் 2019 அக்டோபரில் இதே காயத்தால் அந்த சீசனையே இழந்தார், அப்புறம் திரும்பி வந்து மறுபடி இந்திய அணியில் நின்றார். அவசரப்பட்டு ஆறாவது மாதம் இறங்குகிற பையன்கள்தான் மறுபடி கிழித்துக்கொள்கிறார்கள். சொந்தமாக ஒரு மருத்துவக் காப்பீடு எடுங்கள், விளையாட்டுக் காயத்தை ஏற்கிறதா என்று பாலிசியில் அந்த வரியைக் கண்ணால் பார்த்த பிறகு.

ஊக்கமருந்துப் பட்டியலையும் மறக்காதீர்கள். கணுக்கால் வலிக்கு ஊர் டாக்டர் போடுகிற ஸ்டீராய்டு ஊசி, 2022 முதல், போட்டிக் காலத்தில் எந்த வழியில் போட்டாலும் தடை. எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வார்த்தையே "நான் லீக் ஆடுகிறவன், டோப் டெஸ்ட் உண்டு" என்பதாக இருக்கட்டும். ஜிம் மாஸ்டர் தருகிற லேபிள் இல்லாத பவுடர் வேண்டவே வேண்டாம். ஹெட்டருக்குப் போய்த் தலையோடு தலை மோதி மயக்கம் வந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, "நான் ஓகே" என்று பையன் சொன்னாலும் வெளியே கூப்பிடுங்கள்.

12. வேலைக்கான படிவங்கள், 24 வயதுக்குள்

எல்லோரும் ஐஎஸ்எல் போக முடியாது. அலுவலக அணியில் வேலையோடு ஆடுவதும் நல்ல வாழ்க்கைதான், சென்னையில் எத்தனையோ ஸ்டாப்பர்கள் அப்படிக் குடும்பத்தை நிமிர்த்தியிருக்கிறார்கள். ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு வயது 18 முதல் 25, யாருக்கும் தளர்வு கிடையாது. சாதனைகளும் அண்மைய சில வருஷங்களுக்குள் நடந்ததாக இருக்க வேண்டும். ஆகவே 23, 24 வயதில் பெரிய கிளப் அமையவில்லை என்றால் விளம்பரங்களைப் பார்க்க ஆரம்பியுங்கள்.

இதற்குத் தொடர் முடிந்ததும் தருகிற வண்ணச் சான்றிதழ் மட்டும் போதாது, குறிப்பிட்ட படிவத்தில் கையெழுத்து வேண்டும். சந்தோஷ் கோப்பை மாதிரி மாநிலத்துக்காக ஆடியதற்குப் படிவம் 2, மாநிலச் சங்கச் செயலாளர் கையெழுத்து. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் படிவம் 3, பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநர். தேசியப் பள்ளி விளையாட்டுக்குப் படிவம் 4, கல்வித் துறை. நாட்டுக்காக ஆடியிருந்தால் படிவம் 1. ஒவ்வொரு தொடர் முடிந்த மாதத்திலேயே போய் வாங்கிவிடுங்கள். நிர்வாகிகள் மாறிவிட்டால், அல்லது சங்கம் வழக்கில் மாட்டிக்கொண்டால், மூன்று வருஷத்துக்கு முந்தைய போட்டிக்குக் கையெழுத்துப் போட யாரும் முன்வர மாட்டார்கள். அணிப் பட்டியலின் நகல், நடுவர் கையெழுத்திட்ட மேட்ச் ஷீட்டின் புகைப்படம், பயண டிக்கெட் மூன்றையும் படிவத்தோடு சேர்த்துப் பின் செய்து வையுங்கள், சரிபார்ப்பில் அவற்றையும் கேட்கிறார்கள்.